கூட்டம் ஏன் கொட்டாவி விடுகிறது? புது கைடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்தில் கைடு வேலைக்குப் புதிதாக வரும் பையன்களைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளே திரும்ப நடக்கின்றன. குரல் எட்டாதது, வருடம் மாறிப்போவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். கூட்டத்தின் கவனம் கைநழுவுவதுதான் சிக்கல்.

8 விநாடிக் கதையை நம்புவது

மனிதனின் கவனம் 8 விநாடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் அப்படி ஒரே கணக்கு கிடையாது. ரயில் வருகிறது என்றால் பாம்பன் சாலைப் பாலத்தில் வெயிலைப் பார்க்காமல் நிற்கிறார்களே, அவர்களும் மனிதர்கள்தான். ஒரே மாதிரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கவனம் சரியும். ரேடார் பணியாளர்களை மனதில் வைத்து உளவியலாளர் நார்மன் மெக்வொர்த் 1948இல் வெளியிட்ட சோதனையில், கடிகார முள் எப்போதாவது ஒரேயடியாக இரண்டு படி தாவுவதைக் கவனிக்க வேண்டும். அரை மணி நேரத்திலேயே பலரும் தவறவிட ஆரம்பித்தார்கள். ஒரே சுருதியில் பேசும் கைடிடம் மாட்டியவர்கள் நிலையும் அதுதான்.

22 தீர்த்தம் ஆடியவர்களிடம் வரலாறு பேசுவது

ஈரத்துணி, பசி. முதலில் இட்லி.

முழுக்கதையையும் வேனிலேயே கொட்டிவிடுவது

இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அண்மையில் ஒரு குடும்பத்தோடு தனுஷ்கோடி போன வேனில் நானும் இருந்தேன். கோதண்டராமர் கோயில் திருப்பம் வருவதற்குள் புதுப்பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்: 1914 போட் மெயில் ரயில், இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல், 1964 டிசம்பர் 22 இரவுப் புயல், அதில் அலை விழுங்கிய பாம்பன் பாசஞ்சர் ரயில். அப்புறம் இரண்டு பக்கமும் கடல் தெரிய, பிள்ளைகள் ஜன்னலில், பெரியவர்கள் போனில். இடிந்த சர்ச்சில் இறங்கியதும் அவனிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. "அதான் சொல்லிட்டீங்களே தம்பி" என்று பாசிமாலைக் கடைக்குப் போய்விட்டார்கள். பாட்டி மட்டும், "இங்க எப்பய்யா ரயிலு வந்துச்சு?" என்றார். எதுவுமே காதில் ஏறவில்லை! சாலை முடியும் கடல்முனையான அரிச்சல்முனை வேண்டாமென்று அங்கிருந்தே திரும்பினார்கள். பேசிய காசிலும் பாதிதான் கொடுத்தார்கள்.

வேனில் இவ்வளவு போதும்: "ஒரு காலத்தில் இதுவரைக்கும் ரயில் வந்தது, இறங்கிக் கப்பலேறி இலங்கை போனார்கள்." நிறுத்திவிடுங்கள். ஸ்டேஷன் எங்கே என்று அவர்களே கேட்பார்கள். புயலை, இடிந்த ஸ்டேஷன் சுவரைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

அரிச்சல்முனையில் பேசுவது

காற்றில் கேட்காது. வண்டி கிளம்பும் நேரத்தை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள்.