அழுகண்ணிச் செடியைத் தொட்டி மாற்றும் முறை

மழைக்காலத்தில் நீலகிரியின் புல்வெளிச் சரிவுகளில் குனிந்து பார்ப்பவர்களுக்கு, இலையெங்கும் பசைத்துளி மின்னும் அழுகண்ணி கண்ணில் படும். அதைத் தயவுசெய்து பிடுங்காதீர்கள். ட்ரோசெரா பெல்டாட்டா என்னும் அந்த இனம் மண்ணுக்கடியில் சிறு கிழங்கு வைத்து வறண்ட மாதங்களில் உறங்குவது. இழுத்தால் தண்டு எளிதில் அறுந்து, கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். வீட்டில் வளர்க்க, விதையிலிருந்து எழுப்பிய ட்ரோசெரா கேப்பென்சிஸ் என்னும் தென்னாப்பிரிக்க இனமே ஏற்றது.

சத்தில்லாத ஈரநிலத்தில் வாழும் இச்செடி, மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறுகிறது. ஆகவே பிற செடிகளுக்கு நாம் ஆசையோடு இடும் தொழுவுரமும் மண்புழு உரமும் இதன் வேரைக் கருக்கிவிடும். சதுப்பு நிலத்தில் மட்கிய பாசியான பீட் பாசி இரண்டு பங்கும், பெர்லைட் என்னும் வெள்ளை எரிமலைக்கல் துகள் ஒரு பங்கும் கலந்து, மழைநீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். உப்புக் கசியக்கூடிய மண்தொட்டியைவிட, 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள பிளாஸ்டிக் தொட்டியே நல்லது.

உறைபனி ஓய்ந்தபின், மார்ச் வாக்கில் தொட்டியை மாற்றலாம். வேர்கள் கறுப்பு நூல்போல் இருப்பதைக் கண்டு அழுகிவிட்டதாக எண்ண வேண்டாம். அதுவே அவற்றின் இயல்பு. பழைய கலவையை உதறாமல், வேரோடு ஒட்டியிருக்கும் கட்டியாகவே எடுத்துப் புதுக்குழியில் இறக்கி, குருத்து புதையாதபடி பக்கங்களை மெல்ல அழுத்துங்கள். சில நாட்களுக்குப் பசைத்துளி வற்றிப்போகலாம். புதிய இலை விரியும்போது அது திரும்பும்.

தண்ணீரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு கோடையில் சேமித்த மழைநீர் தீர்ந்தபோது ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினேன். சில வாரங்களில் கலவையின் மேல் வெள்ளை உப்பு படிந்து, துளிகள் நின்று, குருத்து பழுப்பேறி என் முதல் செடி மடிந்தது. இப்போது கூரையில் விழும் முதல் மழையைக் கழுவிப் போக விட்டு, அடுத்த மழைகளை மூடிய கேன்களில் பிடித்துவைக்கிறேன். அது தீர்ந்தால் வாலை வடிநீர் உதவும். தொட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீர் எப்போதும் நிற்கச் செய்யுங்கள்.

நாளுக்குச் சில மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். உணவுக்குக் கொசுவும் சிறு ஈயும் போதும். ஒன்று ஒட்டிக்கொண்டதும் சுற்றியுள்ள முடிகள் அதன்மேல் சாய, இலையும் மெல்ல மடிவதைக் காணலாம். இறைச்சித் துண்டு வைத்தால் இலை அழுகிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும் இடங்களில் தொட்டியை உள்ளே எடுத்து, வெயில் ஏறியபின் வெளியே வையுங்கள்.