மூன்றரை நிமிடப் பாட்டை ஒரே நாளில் படமாக்குவது எப்படி

மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோ எடிட்டிங்கில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பல்லவிக்கு நாற்பது ஷாட் இருக்கும், இரண்டாவது பிஜிஎம்முக்கு, அதாவது குரல் இல்லாத இடையிசைக்கு, ஒன்றுகூட இருக்காது. எந்த கேமரா, எந்த லென்ஸ், என்ன கலர் என்பதெல்லாம் அடுத்த கவலை. லொகேஷன் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே பாட்டை ஒரு தாளில் அளந்து எழுதிவிட வேண்டும். ஷூட்டிங் நாளில் செய்யப்போவது அந்தத் தாளை நிரப்பும் வேலைதான்.

அதற்கும் முன்னால், எந்தப் பாட்டு? சினிமாப் பாட்டு என்றால் வகுப்பில் போட்டுக் காட்டுவதோடு சரி. யூடியூபில் ஏற்றினால், உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோவே முடக்கப்படும். பழைய பாட்டுதானே என்றும் தப்பிக்க முடியாது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவரும் இசையமைத்தவரும் இறந்த பிறகு 60 ஆண்டுகள். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. வரிகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அந்த வரிகளுக்கு ஒருவர் போட்ட மெட்டும், ஒரு நிறுவனம் செய்த பதிவும் வேறு வேறு உரிமைகள். கூடப் படிக்கிறவர் போட்ட பாட்டோ, வடசென்னைக் கானா பாடகர் ஒருவர் உங்களுக்கென்றே பாடித்தந்ததோ இருந்தால் அதுதான் நல்லது. இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் மூவரிடமும் எங்கெல்லாம் வெளியிடலாம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்குவது சுலபம்.

ஃபைனல் மிக்ஸ் கைக்கு வராமல் ஷூட்டிங் தேதி குறிக்காதீர்கள். 96 டெம்போவில் (நிமிடத்துக்கு 96 தாள அடி) படம்பிடித்த 3 நிமிடம் 40 நொடிப் பாட்டை, இசையமைப்பாளர் பிறகு 98 ஆக்கினால் முடிவதற்குள் நாலரை நொடி ஓடிப்போயிருக்கும். எடுத்த லிப், அதாவது பாட்டுக்கான வாயசைப்பு, எதுவும் உட்காராது.

பாட்டை அளப்பது

டெம்போ 96, நாலு அடி கொண்ட தாளம் என்றால் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) சரியாக 2.5 நொடி. 3:40 பாட்டில் 88 பார்கள் இருக்கும். உதாரணமாக: தொடக்க இசை 8 பார், பல்லவி 16, முதல் பிஜிஎம் 12, சரணம் 16, மறுபடி பல்லவி 8, இரண்டாவது பிஜிஎம் 12, கடைசிப் பல்லவி 12, முடிவு 4. கூட்டிப் பார்த்தால் குரல் இருக்கும் பகுதி 130 நொடி, குரல் இல்லாதது 90 நொடி.

இந்தக் கணக்குதான் திட்டத்தையே மாற்றிவிடும். குரல் வரும் இடத்தில் ஒரு ஷாட் சராசரியாக இரண்டு பார் நிற்கும்; 26 ஷாட் போதும். அந்த 26ஐயும் பாடகரை வைத்து முழுப்பாட்டாக எடுக்கும் நாலைந்து டேக்கிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம். பிஜிஎம்மில் அப்படி நடக்காது. கண் சீக்கிரம் சலித்துவிடும் என்பதால் ஒரு பாருக்கு ஒரு ஷாட் வேண்டும்: 36 ஷாட், ஒவ்வொன்றும் தனியாக எடுக்க வேண்டியது. பாட்டில் பாதிகூட இல்லாத பகுதிதான் நாளில் பாதிக்கு மேல் தின்னும். கதை சொல்ல விரும்புகிறவர்கள் கதையை இந்த 90 நொடிக்குள் வைத்துப் பாருங்கள். அதற்குள் அடங்காத கதை குறும்படத்துக்கான கதை.

தாளில் ஒரு வரிக்கு ஒரு ஷாட்: பார் எண், பாட்டில் எத்தனையாவது நொடி, யார், எந்த இடம், வைடா குளோஸா, எந்த உடை. பிறகு அதே வரிகளை இடவாரியாக மாற்றி எழுதி, அந்தப் பிரதியைத்தான் ஷூட்டிங்குக்கு எடுத்துப்போக வேண்டும். டைரக்டர் கையில் இதைக் கொடுக்காதீர்கள். டிக் அடிப்பது உதவி இயக்குநர் வேலை; டைரக்டர் கண் மானிட்டரில் இருக்கட்டும்.

இடமும் வெயிலும்

ஒரு நாளுக்கு மூன்று இடம், அதுவும் ஒன்றுக்கொன்று அரை மணி தூரத்துக்குள். மெரினாவில் காலை, தாம்பரத்தில் மதியம், திருவொற்றியூரில் மாலை என்று போட்டால் நாள் முழுக்கப் போக்குவரத்தில்தான் கழியும்.

ஸ்கிரிப்ட்டில் அடிக்கடி வரும் ஒரு பிழை, “மெரினாவில் கடலுக்குள் சூரியன் மறைகிறது”. நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் ஊர்ப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். கடலை முதுகுக்கு வைத்த சில்லவுட் (ஆள் கறுப்பு உருவமாகத் தெரியும் ஷாட்) வேண்டுமென்றால் விடியற்காலைதான். சூரிய உதயம் ஜூன் வாக்கில் ஐந்தே முக்காலுக்கு ஒட்டியும், ஜனவரியில் ஆறரைக்கு மேலும் இருக்கும். அதற்கு முக்கால் மணி முன்பே யூனிட் மணலில் நிற்க வேண்டும். நல்ல வெளிச்சம் காலை எட்டரையோடு தீர்ந்துவிடும், பிறகு நாலு மணிக்கு மேல்தான். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கு நிழல் உதட்டில் விழும். அந்த நேரத்தை வீட்டுக்குள், படிக்கட்டில், கேரேஜில் எடுக்கும் ஷாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் வெள்ளை வேட்டியை இரண்டு பேர் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பக் கீழிருந்து ஒரு தெர்மாகோல். வெயிலை மென்மையாக்க வாடகைக்கு எடுக்கும் ஸ்கிம்மர் துணிக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை, காற்று அடிக்காத வரை.

கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டையும் எல்லோரிடமும் இருக்கட்டும். போலீஸ்காரர் கேட்டால் பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் அது அனுமதி இல்லை. பூங்காவுக்கும் கடற்கரைக்கும் மாநகராட்சி, காவல்துறை என்று முறையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கும் ரயில் நிலையம், மெட்ரோ, மாமல்லபுரச் சிற்பங்கள் மூன்றுக்கும் முன்அனுமதி இல்லாமல் போகவே போகாதீர்கள். ட்ரோன் ஆசை இருந்தால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எழுப்பக் கூடாது. கடலில் முழங்காலுக்கு மேல் யாரையும் இறக்காதீர்கள். இங்கே அலை இழுக்கும்.

பாட்டை ஒலிக்கவிடுவது

எல்லாரும் கடைசியில் யோசிப்பது இது. ஆனால் லிப் பிசகும் இடமும் இதுதான்.

பாட்டு ஓடும் போன் தனியாக இருக்க வேண்டும். ஃப்ளைட் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் நல்ல டேக்கின் நடுவில் யாருடைய அம்மாவாவது அழைப்பார். முழுப்பாட்டுக்கு ஒரு கோப்பு. பல்லவி, சரணம் என்று பகுதிக்கு ஒரு கோப்பு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதே டெம்போவில் நாலு டிக் ஒலி சேர்த்துவையுங்கள். டிக் இல்லாமல் நேராகக் குரல் தொடங்கினால் பாடுகிறவர் முதல் சொல்லைத் தவறவிடுவார். ஒவ்வொரு டேக்கிலும் அதே முதல் சொல் போய்விடும்.

ஸ்பீக்கர் பாடுகிறவர் காலடியில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே இருக்கட்டும். கேமராவின் மைக்கை அணைக்காதீர்கள். அதில் பதியும் கரடுமுரடான ஒலியை வைத்துத்தான் எடிட்டில் பாட்டோடு பொருத்தப் போகிறோம். ப்ளூடூத் ஒலி தாமதமாக வருமே என்று பயம் வேண்டாம். பாடுகிறவர் கேட்பதும் கேமரா கேட்பதும் ஒரே தாமதமான ஒலி என்பதால் அது தன்னால் சரியாகிவிடும். தொந்தரவு தூரத்தில் இருக்கிறது. ஒலி ஒரு நொடியில் சுமார் 345 மீட்டர் போகும். 25 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமுக்குள் 14 மீட்டர்தான். டெலி லென்ஸ் போட்டு 28 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கேமராவுக்கு ஒலி 2 ஃபிரேம் பிந்தி வரும். ஒலியை மட்டும் பார்த்துப் பொருத்தினால் உதடு 2 ஃபிரேம் முந்தும். கிளிப்பை அந்த அளவு தாமதமாக, டைம்லைனில் வலப்பக்கம், தள்ளினால் சரி.

அலைச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று காதில் இயர்பட் மாட்டிவிட்டு, ஸ்பீக்கரையும் சேர்த்து ஓடவிடுவார்கள். இரண்டின் தாமதமும் வேறு. ஸ்பீக்கரையே இன்னும் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

பாடுகிறவர் வாயை மட்டும் அசைக்கக் கூடாது, உரக்கப் பாட வேண்டும். கழுத்து நரம்பு, மூச்சு, நெஞ்சு ஏறி இறங்குவது எல்லாம் அப்போதுதான் வரும். சும்மா வாயசைப்பது முதல் குளோஸப்பிலேயே தெரிந்துவிடும்.

ஸ்லோமோஷனில் லிப் வேண்டுமா? பாட்டை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் சுருதி மாறாமல் இரண்டு மடங்கு வேகமாக்கிக்கொள்ளுங்கள். 50 ஃபிரேமில் எடுத்து, எடிட்டில் 25க்கு இறக்குங்கள். உதடு பாட்டோடு சேரும், துணியும் முடியும் மிதக்கும். மெல்லிய பல்லவிக்கு அழகு. ராப்பிலும் வேகமான கானாவிலும் முயலாதீர்கள், நாக்கு ஓடாது.

கேமரா அமைப்பு

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். போன் வழக்கமாக 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் நிற்கும். இரண்டும் ஒத்துவராமல் சுவரில் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டில் எளிதில் போகாது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. 50 ஃபிரேம் என்றால் 1/100. இதை மாற்ற விடாத போனில் பிளாக்மேஜிக் கேமரா செயலி ஓடுகிறதா பாருங்கள், இலவசம்தான். கூடவே ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பாடகர் வெள்ளைச் சட்டையில் வந்தால் ஆட்டோ எக்ஸ்போஷர் சட்டைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்து, மாநிறமான முகத்தைக் கரியாக்கிவிடும். முகத்துக்கு அளவு வைத்துப் பூட்டுங்கள். நெருக்கக் கட்டம் போட்ட சட்டையும் வேண்டாம், திரையில் நெளியும். ஐபோனில் ஹெச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். இரண்டு போன் என்றால் இரண்டிலும் எல்லாம் ஒன்றுபோல இருக்கட்டும்.

ஏசி அறையிலிருந்து எடுத்த லென்ஸ் சென்னைப் புழுக்கத்தில் உடனே பனி படரும். விடியற்காலை ஷாட் போவது இதனால்தான். பையோடு வெளியே வைத்து அரை மணியாவது விடுங்கள். மே மாத வெயிலில் 4கேயில் தொடர்ந்து ஓடும் போன் சூடாகித் தானே நின்றுவிடும். டேக்குக்கு டேக் நிழலில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம்.

ஷூட்டிங் நாள்

ஒவ்வொரு இடத்திலும் முதலில் முழுப்பாட்டு வைடில், பிறகு இடுப்பளவில், பிறகு முகம். ஒன்றுக்கு இரண்டு டேக், நகர்த்தும் நேரம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி ஆகும். மழை வந்தாலும் யாராவது விரட்டினாலும் கையில் ஒரு முழுப்பாட்டு இருக்கும், வீடியோ சாகாது. அதன் பிறகே பிஜிஎம் ஷாட்டுகள், விட்டுப்போனதை நிரப்பும் பேட்ச் ஷாட்டுகள். கை, கால், நடக்கும் செருப்பு, தெருவில் ஆடும் துணி என்று ஐந்தாறு துண்டுகளும் எடுத்து வையுங்கள். லிப் பிசகிய இடத்தை மூட வேறு மருந்து கிடையாது.

வாடகைக் கேமராவுக்கு வடபழனி, சாலிகிராமம் பக்கம் போவதானால் முந்தின நாள் மாலையே எடுத்துவந்து எல்லா பேட்டரியையும் போட்டுப் பாருங்கள். பணம் தட்டினால் லென்ஸில் குறையுங்கள், சாப்பாட்டில் குறைக்காதீர்கள். இரண்டு மணிக்குப் பசித்த யூனிட் நாலு மணி வெளிச்சத்துக்கு எழுந்து நிற்காது.

ஐபோனில் 4கே, 30 ஃபிரேம், ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி. 25 ஃபிரேமிலும் அந்த அளவுக்கே திட்டமிடுங்கள். ஒன்றரை மணி ரஷ்ஷுக்கு (வெட்டாத காட்சிகளுக்கு) 15 ஜிபிதான். மதிய இடைவேளையிலேயே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள்.

எடிட்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். கிளிப்பை உள்ளே இழுக்கும் முன் டைம்லைனை 25 ஃபிரேம் ஆக்குங்கள், பிறகு மாற்ற விடாது. போன் கிளிப்புகள் பலவற்றில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது. முதல் வரியில் பொருந்திய லிப் மூன்றாவது நிமிடத்தில் நழுவினால் காரணம் அதுதான். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். முழு டேக்குகளை அடுக்கடுக்காகப் போட்டு, எல்லாவற்றையும் பாட்டோடு பொருத்தி, பிறகே வெட்டு. ஒவ்வொரு அடிக்கும் வெட்டினால் இரண்டாவது சரணத்துக்குள் தலைவலி வரும்.

டைட்டிலில் தமிழ் உடைகிறதா என்று “கொ”, “ஸ்ரீ” இரண்டையும் தட்டிப் பாருங்கள். உடைந்தால் கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி யூனிகோடு எழுத்துருவில் வேறு செயலியில் அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கொண்டுவாருங்கள். பெயர்களை அவரவரே எழுதி வாட்ஸப்பில் அனுப்பட்டும், நீங்கள் யூகிக்க வேண்டாம். யூடியூபில் ஏற்றிய கோப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு கோப்பை வைக்க முடியாது. அதனால் முதலில் பட்டியலிடாததாக (அன்லிஸ்டட், லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, ஒருவர் போனில் ஹெட்போன் மாட்டியும் இன்னொருவர் வீட்டு டிவியிலும் முழுக்கப் பார்த்த பிறகு பொதுவில் விடுங்கள்.