லிவிங் வில் எழுதுவது எப்படி? எங்கள் வீட்டில் செய்த முறை

அப்பாவுக்கு லிவிங் வில் எழுதி நோட்டரி முத்திரையும் வாங்கியாயிற்று. சொத்து உயில் மாதிரி ஆள் போன பிறகு பிரிக்கும் காகிதம் இல்லை இது. இனித் தேற வாய்ப்பில்லை என்ற நிலையில், சொந்தமாக முடிவெடுக்கும் நினைவும் இல்லாமல் ஐசியூவில் கிடக்கும்போது எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நமக்காகப் பேசுவது. நினைவு தெளிவாக இருக்கும்வரை வாயால் சொல்வதுதான் செல்லும்.

உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தது, 2023 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் எங்கிருந்தாவது மாதிரிப் படிவம் எடுத்தால், மாஜிஸ்திரேட் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழைய படிவம், வேண்டாம்.

முதலில் ஆள்

சிகிச்சையை நிறுத்தும் கட்டத்தில், நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்களின் சம்மதத்தைத்தான் கேட்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைப் போடலாம், போடுங்கள். மூத்த மகன் என்பதற்காக மட்டும் யாரையும் போடாதீர்கள். "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே" என்று ஊரிலிருந்து வந்த உறவுகள் அழும்போது, உங்கள் விருப்பத்தை நிதானமாகச் சொல்லக்கூடியவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள். அதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் என்ன எழுதுவது

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். "குழாய் கீழாய் எதுவும் வேண்டாம், நிம்மதியா விட்டுடுங்க" என்றார் அப்பா. இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் மருத்துவர் என்ன செய்வார்? பக்கவாதம் வந்து கொஞ்ச நாள் விழுங்க முடியாமல் போனால் மூக்கில் குழாய் போடலாமா என்று கேட்டேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "திரும்ப வாயால சாப்பிடுவேன்னா போடட்டும்." வென்டிலேட்டருக்கும் அதே பதில்தான்: நிமோனியா குணமாகும்வரை என்றால் சரி, மூளை மீளாது என்று தெரிந்த பிறகு வேண்டாம்.

ஆக, சிகிச்சையின் பெயரோடு நிலைமையையும் சேர்த்து எழுத வேண்டும். வென்டிலேட்டர், டயாலிசிஸ், உணவுக் குழாய், நெஞ்சை அழுத்திச் செய்யும் சிபிஆர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை உட்கார்ந்து இவை உடம்பை என்ன செய்யும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிபிஆரில் விலா எலும்பு முறியக்கூடும் என்பதே பலருக்குத் தெரியாது. எதை வேண்டாம் என்றாலும், வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை கடைசிவரை வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள். ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுத முடியாது, சட்டம் அதை அனுமதிக்கவில்லை.

அழகான படிவத்தைவிட, எளிய தமிழில் தட்டச்சு செய்த இரண்டு பக்கம் மேல் என்பேன். கூடவே ஆங்கிலப் பிரதியும் வையுங்கள், ஐசியூ மருத்துவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம்.

கையெழுத்து

இரண்டு சாட்சிகள், முடிந்தவரை குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள். அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், விளைவு புரிந்துதான் எழுதுகிறேன் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

பிரதிகளைப் பெயர் போட்டவர்களுக்கும் குடும்ப மருத்துவருக்கும் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பொறுப்பு அதிகாரிக்கும் ஒன்று போக வேண்டும். அங்கே கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை கேட்டு வாங்குங்கள். தயவுசெய்து பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள், ராத்திரி யார் போய்த் திறப்பது? ஸ்கேன் செய்து பிள்ளைகளின் போனில் போட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை

காகிதத்தைக் காட்டியதும் வென்டிலேட்டரை எடுத்துவிடுவார்களா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மாட்டார்கள். முதலில் மருத்துவமனையின் மருத்துவக் குழு, பிறகு இரண்டாவதாக ஒரு குழு, இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். புதிதாக எழுதினால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும், பழைய பிரதிகளைத் தேடி வாங்கிக் கிழித்துவிடுங்கள்.