கனவுப் படம் பார்த்துவிட்டு நம் கருத்தை எழுதுவது எப்படி?

கெட்ட கனவுகளை வைத்து எடுத்த சைக்காலஜிக்கல் திரில்லர் படம் ஒன்று முடிந்து விளக்கைப் போட்டதும் நெல்லைச் சீமையில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான் கேட்கும்: "ஒண்ணும் வெளங்கலடே." அதோடு எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்து எழுத ஒரு வழி உண்டு. விமர்சனம் எழுதிப் பழக்கமே இல்லாதவர்களுக்காக, வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து படம் பார்ப்பதை வைத்து அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு டேவிட் லிஞ்ச் இயக்கிய 'முல்ஹாலண்ட் டிரைவ்' (2001) படத்தை எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறையில் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து பார்த்தோம். அவர்கள் சொன்ன கருத்துகளும் கீழே வரும். படத்தின் முக்கியமான இடங்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படி 1: ஆட்களையும் அறையையும் தயார் செய்யுங்கள்

இந்த வகைப் படங்கள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். நாலைந்து பேர் போதும். எல்லாரும் ஒரே வயதாக, ஒரே ரசனையாக இருக்க வேண்டாம், கலந்திருப்பதுதான் நல்லது. படத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி எதையும் படிக்க வேண்டாம், டிரைலர்கூட வேண்டாம்.

சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். கனவுப் படங்களில் பாதி பயம் காது வழியாகத்தான் வருகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அடியில் ஓடும் மெல்லிய உறுமல் காணாமல் போய்விடும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை இணைத்துவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். ஆனி, ஆடி மாதக் காற்றடிக்கும் நாளென்றால் ஜன்னல் கதவுகளுக்குக் கொக்கி போட்டுவிடுங்கள்.

சப்டைட்டில் பற்றி ஒன்று. எல்லா வரியையும் படித்தே தீர வேண்டும் என்று நினைத்தால் கண் திரையின் அடியிலேயே நின்றுவிடும். பத்து வரியில் நாலு வரி விட்டுப்போனாலும் பரவாயில்லை, முகங்களைப் பாருங்கள். ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராதவர்களுக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லவும் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் சப்டைட்டிலைக் கண்டுகொள்ளாத மைனி (அண்ணி) கவனித்த அளவுக்கு வேறு யாரும் கவனிக்கவில்லை.

படி 2: நிறுத்தாமல் பாருங்கள்

ரிமோட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். லிஞ்ச் இந்தப் படத்தின் டிவிடியில் காட்சி காட்சியாகத் தாவிப் போகும் வசதியை வைக்கவே இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அது சரியான எண்ணம். 'இவன் யாரு, முன்னாடி வந்தானா?' என்று பின்னால் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினால் படம் கணக்குப் பாடமாகிவிடும்.

மடியில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். உடம்பில் ஏதாவது நடந்தால் மட்டும் எழுதுங்கள். மயிர்க்கூச்செறிந்தது, தொண்டை அடைத்தது, காரணமில்லாமல் எரிச்சல் வந்தது, தூக்கம் வந்தது, இவை எல்லாமே கணக்கில் சேரும். இரண்டு மூன்று சொல் போதும்: 'ஓட்டல் பின்புறம், பயம்', 'பாட்டு, அழுகை'. இருட்டில் எழுத்து கோணலாக வந்தாலும் படிக்க முடிந்தால் சரி.

படி 3: பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஒவ்வொருவரும் நாலைந்து வரி எழுத வேண்டும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யலாம்.

காரணம் நம் வீட்டுப் பழக்கம். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் "படம் சரியில்லை" என்று சொல்லிவிட்டால் தம்பிகளும் மருமக்களும் "ஆமா அண்ணாச்சி" என்று தலையாட்டிவிடுவார்கள். அதில் மரியாதை இருக்கிறது, கருத்து இல்லை. ஆகவே முதலில் எழுத்து, அப்புறம் பேச்சு. பேச்சையும் வயதில் சிறியவரிடமிருந்து தொடங்குங்கள். பெரியவர்கள் கடைசியில் பேசினால் அவர்களுடைய பேச்சுக்கும் கனம் கூடும்.

படி 4: ஒரே ஒரு காட்சியைப் பிடியுங்கள்

இனி கட்டுரை. முழுப் படத்தையும் சொல்ல முயலாதீர்கள். உங்கள் தாளில் எந்த இடத்தில் பேனா அழுத்திப் பதிந்திருக்கிறதோ அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்காத ஒருவருக்குச் சொல்வது போல, விளக்கம் எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள்.

முதல் தடவை எழுதுபவர்களிடமிருந்து பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: 'படம் மிரட்டல். இயக்குநர் நம்மை வேறொரு உலகத்துக்கே அழைத்துச் செல்கிறார். முடிவு மட்டும் புரியவில்லை.' படத்தைப் பார்க்காமலே இதை எழுதிவிடலாம். எந்தப் படத்துக்கும் பொருந்தும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கச்சி நர்ஸாக இருக்கிறாள். அவள் எழுதியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்:

'பட்டப்பகல். ஓட்டலில் இரண்டு பேர். ஒருவன் தனக்கு இரண்டு முறை வந்த கனவைச் சொல்கிறான். இதே ஓட்டல்தான். பின்பக்கம் ஓர் ஆள் இருக்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே அவன் முகம் எனக்குத் தெரிகிறது, அந்த முகத்தைக் கனவுக்கு வெளியே பார்த்துவிடக் கூடாது என்கிறான். பிறகு இருவரும் எழுந்து பின்பக்கம் போகிறார்கள். படி இறங்கி மெதுவாக நடக்கிறார்கள். சுவரின் முனையிலிருந்து அந்த முகம் வருகிறது. கனவு கண்டவன் சாய்கிறான். வரப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், ஆனாலும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிவிட்டது. நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்குகிறவள் நான். என்னுடைய கெட்ட கனவுகள் எல்லாம் வெயில் அடிக்கும்போது வருகிறவை. இருட்டு இல்லாத பயம் எனக்குத் தெரியும்.'

கடைசி நாலு வரியை வேறு யாராலும் எழுத முடியாது. அந்த வரிகள் நிற்பதற்குத் தளம் போட்டுக் கொடுத்தவை முன்னால் உள்ள எளிய வரிகள்.

படி 5: அந்த உணர்ச்சி எப்படி வந்தது என்று பாருங்கள்

இப்போதுதான் ரிமோட்டை எடுக்க வேண்டும். நீங்கள் பிடித்த காட்சியை மட்டும் மறுபடி போடுங்கள், முதலில் சத்தத்தோடு, அப்புறம் சத்தமில்லாமல். ஓட்டல் காட்சியில் இருவரும் சும்மா உட்கார்ந்து பேசும்போதும் கேமரா நிலையாக நிற்பதில்லை. மிதப்பது போல லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது இது கண்ணில் படாது, வயிற்றில்தான் தெரியும். அவன் சாயும்போது சுற்றியுள்ள சத்தம் அமுங்கிப்போகிறது. இப்படி ஒன்றோ இரண்டோ கண்டுபிடித்து எழுதினால் போதும்.

கனவைப் பற்றி அறிவியல் சொல்வதும் இங்கே கைகொடுக்கும். கண்விழிகள் வேகமாக அசையும் உறக்க நிலையை 1953-ல் கண்டறிந்து வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் வருகின்றன. அப்போது மூளையில் தர்க்கம் பார்க்கும் முன்பகுதி அடங்கியிருக்கும், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருக்கும், கைகால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். விழிப்பு வந்த பிறகும் தசை விடுபடாத அந்தச் சில நொடிகளைத்தான் நம் ஆச்சிகள் அமுக்குவான் பேய் என்று சொல்லி, தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். கனவில் இடம் மாறினாலும் ஆள் மாறினாலும் நாம் 'ஏன்' என்று கேட்பதில்லை, பயம் மட்டும் முழுசாக இருக்கிறது. நல்ல கனவுப் படம் நம்மை விழித்த நிலையிலேயே அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதனால்தான் எழுதும்போதும் உணர்ச்சியை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

படி 6: அர்த்தம் கடைசியில்

நம் ஆட்களுக்குக் கனவு என்றாலே பலன்தான் நினைவுக்கு வரும். பாம்பு வந்தால் என்ன, பல் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பார்ப்பார்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். நம் இலக்கியத்திலும் அப்படித்தான். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தேவி செங்கோலும் வெண்குடையும் விழுவதாகவும், வாயில் மணி நடுங்குவதாகவும், இரவில் வானவில் தோன்றுவதாகவும், பகலில் விண்மீன் விழுவதாகவும் கனவு காண்கிறாள். அதைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் கண்ணகி வாசலுக்கு வந்துவிடுகிறாள். அந்தக் கனவு ஒரு முன்னறிவிப்பு, ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. அதே பழக்கத்தில் இந்தப் படத்தின் நீலச் சாவிக்கும் நீலப் பெட்டிக்கும் பலன் தேடினால் கை வெறுமையாகத்தான் இருக்கும்.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் வில்லுப்பாட்டு உச்சத்தில் இருக்கும்போது சாமியாடி வேட்டைக்கென்று மயானத்தை நோக்கிக் கிளம்புவார். அப்போது யாரும் லாஜிக் கேட்பதில்லை, நெஞ்சு படபடக்க நிற்கிறோம். அர்த்தத்துக்கு முன்னால் அனுபவத்தை வைப்பது நமக்குப் புதிதே அல்ல. அதைப் படத்துக்கும் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அதற்காக அர்த்தமே தேடக் கூடாது என்றில்லை. தேடினால் திரையில் உள்ளதை வைத்துத் தேடுங்கள். படத்தின் தொடக்கத்தில் மூச்சுச் சத்தத்தோடு கேமரா ஒரு சிவப்புத் தலையணைக்குள் இறங்குகிறது. ஓட்டலில் பரிமாறும் பெண்ணின் பெயர் அட்டையில் முதலில் டயேன் என்றும், பிற்பகுதியில் பெட்டி (Betty) என்றும் இருக்கிறது. முதலில் வரும் நாயகி பெட்டியாகவும், கடைசிப் பகுதியில் வரும் டயேனாகவும் நடிப்பது நவோமி வாட்ஸ் ஒருவரே. இதையெல்லாம் சேர்த்து, படத்தின் பெரும்பகுதி டயேன் காணும் கனவு, கடைசிப் பகுதி அவள் விழித்திருக்கும் வாழ்க்கை என்று பலர் படிக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி இதை ஒரே இரவில் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதினான். நல்ல உழைப்பு. ஆனால் எந்த இடத்தில் அவனுக்கு என்ன ஆனது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 'இதில் நீ எங்கடே இருக்க?' என்று கேட்டேன். மறுநாள் திருத்தி எழுதினான், தலையணைக் காட்சியில் தொடங்கினான், கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது. லிஞ்ச்சே டிவிடியோடு பத்துத் துப்புகள் கொடுத்தார், விடை கொடுக்கவில்லை. எனவே 'இதுதான் அர்த்தம்' என்று எழுதாதீர்கள், 'நான் இப்படி எடுத்துக்கொண்டேன், ஏனென்றால்' என்று எழுதுங்கள்.

படி 7: பிடிக்காதவரின் கருத்துக்கும் இடம் கொடுங்கள்

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. அவருக்குப் படம் பிடிக்கவில்லை. "போலீஸ்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. என்னமோ பெருசா செய்யப் போறாங்கன்னு பார்த்தேன். பொறவு ஆளையே காணும். வாசகனை உட்கார வச்சுட்டுக் கதைசொல்லி எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு," என்றார். இது சும்மா சொன்ன குறை இல்லை. இந்தப் படம் முதலில் அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சிக்குத் தொடராக எடுக்கப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு, பிரெஞ்சுப் பணத்தில் கூடுதல் காட்சிகள் எடுத்துப் படமாக முடித்தார்கள். தொடருக்காகத் தூவிய சில பாத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. பின்னணி தெரியாமலே சார் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார்.

2016-ல் பிபிசி 177 விமர்சகர்களிடம் கேட்டபோது, இந்த நூற்றாண்டின் படங்களில் இதற்குத்தான் முதலிடம் கிடைத்தது. அதைச் சொல்லி சாரின் வாயை அடைக்கக் கூடாது. 'பிடிக்கவில்லை, ஏனென்றால்' என்று காட்சியோடு சொல்லும் கருத்துக்கு எந்தப் பட்டியலும் பதிலாகாது.

படி 8: எழுதி முடிக்கும் முறை

வரிசை எளிது. முதலில் காட்சி, அப்புறம் உங்களுக்கு நடந்தது, அப்புறம் அது எப்படி நடந்தது, கடைசியில் உங்கள் அர்த்தம். கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மதிப்பெண் போடாதீர்கள், பத்துக்கு ஏழு என்பதில் பயமும் இல்லை அழுகையும் இல்லை. கதை தெரிந்துவிடும் என்றால் மேலேயே எச்சரித்துவிடுங்கள்.

அடுத்தவர் சொன்னதைச் சேர்க்கிறீர்கள் என்றால் அவரிடம் வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே வெளியிடுங்கள். இதில் நான் கறாராக இருக்கிறேன். கனவுப் படம் ஆட்களிடமிருந்து எதிர்பாராததை வெளியே கொண்டுவந்துவிடும். மைனி அன்று பதிவு செய்தது ஒன்றரை நிமிடம்தான். படத்தில் நள்ளிரவில் ஓர் அரங்கம் வருகிறது. ஒரு பெண் மேடையில் உருகிப் பாடுகிறாள், பாதியில் மயங்கி விழுகிறாள், பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. மைனி சொன்னது: "அவ விழுந்துட்டா, பாட்டு நிக்கலியே. எங்க அம்மா போன பொறவு போன்ல அவ பேசுன பேச்சு ஒண்ணு கெடக்கு. சாப்பிட்டியாட்டின்னு கேக்கா. ஆளு இல்ல, கொரல் இருக்கு. நான் அதைப் போட்டுக் கேக்கவும் மாட்டேன், அழிக்கவும் மாட்டேன்."

வாசித்துக் காட்டியபோது மைனி ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். 'அவ' என்பதை 'அவா' என்று நான் மாற்றி எழுதியிருந்தேன். தான் சொன்னபடியே இருக்கட்டும் என்றாள், அப்படியே போட்டிருக்கிறேன்.