ஜெர்மனி விசா: எளிதாகக் கிடைப்பதைத் தேடுவதில்தான் சிக்கல்

“ஜெர்மனிக்கு எந்த விசா சுலபமாகக் கிடைக்கும்?” பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் தவறும் இங்கேதான். ஜெர்மன் சட்டம் ஒவ்வொரு தங்கும் அனுமதியையும் ஒரு நோக்கத்தோடு கட்டிவைத்திருக்கிறது. படிக்க ஒன்று, வேலை பார்க்க ஒன்று, வேலை தேட ஒன்று, குடும்பத்தோடு சேர இன்னொன்று. கிடைத்ததில் ஏறிப் போய், இறங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று போடும் கணக்கு பல நேரம் தப்பாகிவிடும்.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை தேடுவது இதில் பழைய கதை. 180 நாளில் 90 நாள் தங்கலாம், அவ்வளவுதான். நேர்காணலில் தேறி கையில் வேலை ஒப்பந்தமே இருந்தாலும், பொதுவாகச் சொந்த நாட்டுக்குத் திரும்பி டி வகை தேசிய விசாவுக்கு விண்ணப்பித்துத்தான் மறுபடி வர வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாட்டுக் குடிமக்களுக்கு இதில் விலக்கு உண்டு. அவர்கள் சொல்லும் அனுபவத்தைக் கேட்டுவிட்டு இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு கிளம்பிவிடக் கூடாது.

சரி, வேலை தேடத்தான் 2024 ஜூனில் ‘சான்சன்கார்ட்டே’ என்ற புள்ளி அடிப்படையிலான அனுமதி வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது உண்மைதான். ஆனால் தகுதி, மொழி, அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகளில் ஆறு சேர்ந்துவிட்டால் வேலையும் சேர்ந்து வரும் என்ற மாதிரி ஏஜென்ட்கள் பேசுகிறார்கள். அது தருவது தேடுவதற்கான ஓராண்டு அவகாசம் மட்டும். வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். செலவுக்கு, 2025 கணக்குப்படி, மாதம் 1,091 யூரோ வீதம் காட்ட வேண்டும். ஆங்கிலத்தை வைத்துக் கார்டு வாங்கிவிடலாம். ஐடி அல்லாத துறைகளில் ஜெர்மன் தெரியாமல் வேலை வாங்குவது வேறு விஷயம். ஜெர்மன் மொழியில் தொடக்க நிலையான ஏ1 மட்டும் முடித்துவிட்டுப் போய் அந்த ஓராண்டைக் கரைப்பதைவிட, ஊரிலேயே இடைநிலையான பி1 வரை படித்துவிட்டுப் போவது மேல் என்பேன்.

பட்டதாரிகளுக்கு வேலை ஒப்பந்தத்தின் பேரில் தரப்படும் புளூ கார்டில் தவறுகள் நுணுக்கமானவை. பட்டம் செல்லுமா என்று பார்க்க அனபின் என்ற தரவுத்தளம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தைத் தேடுகிறார்கள், ‘எச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு) என்று வருகிறது, நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். அது பாதி வேலைதான். அந்த எச் பிளஸ் பல்கலைக்கழகத்துக்கு உரியது. படித்த பட்டத்தைத் தனியாகத் தேடி, அதன் எதிரே ‘என்ட்ஷ்ப்ரிக்ட்’ (ஈடானது) அல்லது ‘க்ளைஷ்வெர்ட்டிக்’ (சம மதிப்புள்ளது) என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். ‘பெடிங்ட் வெர்க்ளைஷ்பார்’ (ஓரளவே ஒப்பிடத்தக்கது) என்று இருந்தால் அது போதாது. பட்டம் பட்டியலிலேயே இல்லையென்றால் மதிப்பீட்டுச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு இதைத் தொடங்கினால் நிறுவனம் பொறுமை இழந்துவிடும்.

புளூ கார்டுக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பும் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறுகிறது. 2025-இல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ, 2026-இல் 50,700. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும் அண்மையில் பட்டம் முடித்தவர்களுக்கும் வரம்பு இதைவிடக் குறைவு. டிசம்பரில் வரம்பை ஒட்டி ஒப்பந்தம் போட்டுவிட்டு ஜனவரியில் விண்ணப்பித்தால் சில நூறு யூரோவில் தவறிப்போகலாம். அப்புறம், புளூ கார்டு வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ சேர்ந்து வர ஜெர்மன் ஏ1 சான்றிதழ் தேவையில்லை. இது தெரியாமல் தேர்வுக்காக மாதக்கணக்கில் பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே விளக்கக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். ‘முதலில் போட்டுப் பார்ப்போம், கேட்டால் கொடுப்போம்’ என்று அரைகுறையாக அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: விலை குறைவு என்று தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குப் போக, பொது மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால், படிப்பு முடியும்வரை அதைத் திரும்பப் பெற முடியாது.

போய் இறங்கிய பிறகு முதல் வேலை அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச் சான்று வேண்டும். ‘பதிவு செய்ய முடியாது’ என்று சொல்லும் மலிவான அறையை எடுத்தால், வரி அடையாள எண் முதல் தங்கும் அனுமதி வரை எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

பதிவு முடிந்தாலும் கடிதம் வந்து சேர வேண்டுமே! ஜெர்மன் முகவரியில் கட்டடத்தின் எண் இருக்கும், உள்ளே இருக்கும் ஃபிளாட்டின் எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் கீழ்த்தளத்துப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அரசுக் கடிதமும் அந்தப் பெயரைத் தாங்கித்தான் வரும். பெட்டியில் தன் பெயரை மட்டும் ஒட்டி வைத்தால் வரி எண் வரும் கடிதம் திரும்பிப் போய்விடும், முதல் சம்பளத்தில் மிக உயர்ந்த ஆறாம் வரி வகுப்பில் வரி பிடிக்கப்படலாம். இரண்டு பெயரையும் ஒட்டுங்கள்.

அனுமதி அட்டையில் அச்சிட்ட தேதி வரை அது செல்லும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வழக்கமான அனுமதியோடு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்தால் அது தானாகவே காலாவதியாகிவிடும். புளூ கார்டுக்கு இந்த வரம்பு 12 மாதம். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் ஊரில் தங்க வேண்டியிருந்தால், கிளம்பும் முன்பே அயல்நாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி, கூடுதல் காலம் தர முடியுமா என்று கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள்.