ஆட்டுக்கால் சூப்புக்கு இங்கிலீஷ் பேரு வச்சா விலை ஏறிடுமா?

போன் பிராத் (எலும்பு சூப்பு), கொலாஜன் (எலும்பு, மூட்டுல இருக்கிற ஒரு புரதம்) அது இதுன்னு பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்களே, நம்ம வீட்ல சளி புடிச்சா வைக்கிற ஆட்டுக்கால் சூப்பு தாங்க அது. கறிக்கடையில வாட்டின காலா கேட்டு வாங்கி மஞ்சத்தூள் போட்டு நல்லா கழுவி, நாலு காலுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி, தட்டின சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஒரு தக்காளி, உப்பு எல்லாம் போட்டு குக்கர்ல ரெண்டு விசில் வந்ததும் சிம்ல முக்கா மணி நேரம் விட்டுடுங்க, அவசரப்பட்டா சாறு இறங்காது. மிளகு சீரகத்தை கடைசியா இடிச்சு போடுங்க, இல்லனா வாசம் போயிடும். மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல வச்சு காலைல பாருங்க, ஜெல்லி மாதிரி உறைஞ்சிருந்தா கொலாஜன் ஜெலட்டினா இறங்கியிருக்குன்னு அர்த்தம். அது நேரா மூட்டுக்கே போயிடும்னு சொல்றது விளம்பரம், வயித்துல மத்த புரதம் மாதிரி தான் செரிக்கும்.