ஜப்பானியம் கற்கும்போது தமிழ் நாக்கு செய்யும் தவறுகள்

மொழி மன்றத்தில் முதல் வாரமே எல்லோரும் 'நன்றி' சொல்லப் பழகிவிடுவார்கள். முதல் தவறும் அங்கேதான். 'அரிகாட்டோ' என்கிறோம். ஜப்பானியத்தில் அது அ-ரி-க-தொ-ஒ, ஐந்து தட்டு (கைதட்டி எண்ணும் ஒலியளவு). 'க' குறில், 'தங்கம்' என்பதில் வருவது போல மென்மையானது. அடுத்து வருவது 'ட்ட' அல்ல, நாக்கு பல்லைத் தொடும் ஒற்றைத் 'த'. நீள வேண்டியது கடைசி எழுத்து மட்டும். ஒரே சொல்லில் மூன்று பிழை வரக் காரணம் ரோமாஜி, அதாவது ஆங்கில எழுத்தில் எழுதிய ஜப்பானியம். அதைப் பார்த்தால் கண் ஆங்கிலமாகவே வாசிக்கும். ஆசிரியரைக் குறிக்கும் 'சென்ஸே' பலர் வாயில் 'சென்சாய்' ஆவதும் இப்படித்தான்.

சரி, தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டைத் திறப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். சாவிக்கும் பெர்சிமன் பழத்துக்கும் தமிழில் எழுதினால் 'ககி' என்ற ஒரே வடிவம்தான். சாவியில் இரண்டாவது எழுத்து மென்மை, பழத்தில் அழுத்தம். இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வரும் வல்லினத்தை மென்மையாக்குவது நம் நாக்கின் பழக்கம். அதனால் பழம் கேட்டாலும் சாவிதான் வாயில் வரும். அழுத்திச் சொல்கிறேன் என்று 'கக்கி' என்றால் இல்லாத ஒரு தட்டு கூடிவிடும். (அயல்மொழிச் சொற்களை எழுதும் ஜப்பானிய எழுத்து வரிசையைக் கட்டகானா என்று நாம் எழுதுவதிலேயே மூலத்தில் இல்லாத ஓர் ஒற்று இருக்கிறது.) ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிரகானாவில் இந்தக் குழப்பம் கிடையாது. எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போட்டால் மென்மை, போடாவிட்டால் அழுத்தம். பல்கலைக்கழகம் என்ற சொல்லின் முதல் எழுத்தில் அந்தக் கோடுகளை மறந்தால், அது படிப்பைப் பாதியில் விடுவதைக் குறிக்கும் சொல்லாகிவிடும்.

ஆகவே முதல் வாரத்திலிருந்தே ஹிரகானாவில் எழுதுங்கள். அடிப்படை எழுத்துகள் 46. நாளுக்கு ஐந்து என்றால் பத்து நாள். மன்றம் கூடும் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் எழுதிவிட்டு வாரம் முழுக்கத் தொடாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 'நு'வும் 'மெ'வும், 'ரு'வும் 'ரொ'வும் இரட்டையர் போல இருக்கும். முடிவில் சுழி இருந்தால் நு, ரு. கட்டகானாவில் 'ஷி', 'த்ஸு' இன்னும் மோசம். ஷியில் இரண்டு சிறு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலே போகும். த்ஸுவில் சிறு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில், நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். கோட்டின் திசையைக் கை பழகாமல் கண் பிரித்தறியாது. கைபேசியில் தட்டச்சு செய்தே படிப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

மாத்திரைக் கணக்கு நமக்குப் புதிதல்ல. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்பது அங்கும் அப்படியே. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி; நீட்டிவிட்டால் ஒருவருக்கு ஒரு தலைமுறை வயது கூடும். வேறுபடுவது மெய்யெழுத்தில். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் 'ன்'னுக்கும், ஒற்று இரட்டிப்பதைக் காட்டும் சிறிய 'த்ஸு'வுக்கும் முழுதாக ஒன்று. 'நிப்பொன்' என்பதற்கு நாம் இரண்டு முறை கைதட்டுவோம். நி-ப்-பொ-ன் என நான்கு தட்ட வேண்டும். அந்தச் சிறிய த்ஸுவை மற்ற எழுத்துகளின் அளவுக்குப் பெரிதாக எழுதினால் 'கித்தெ' (தபால்தலை) 'கித்ஸுதெ' ஆகிவிடும்.

இலக்கணத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். வினைச்சொல் கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், எழுவாயை விட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்ப்பவர்கள்தான் இதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நம்முடைய 'இல்' உருபு காலை வாரும். பள்ளியில் இருக்கிறேன் என்றால் 'நி'. பள்ளியில் படிக்கிறேன், பேருந்தில் போகிறேன் என்றால் 'தெ'. இருப்பிடத்துக்கு நி, செயல் நடக்கும் இடத்துக்கும் கருவிக்கும் தெ. 'இருக்கிறது' என்பதிலும் அதே கதை: உயிருள்ளவை என்றால் 'இரு', பொருள் என்றால் 'அரு'. பூனைக்கு 'அரு' போட்டால் பொம்மைப் பூனையா என்று கேட்பார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் 'வ' என்ற உருபை 'ஹ' என்ற எழுத்தால்தான் எழுத வேண்டும். இதற்குப் பெரிய விளக்கம் தேட வேண்டாம், பழகிக்கொள்ளுங்கள்.

பேச்சில் இரண்டு விஷயம். 'ஸன்' மரியாதைச் சொல், அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. (ஃபுஜிஸன் என்பதில் வரும் ஸன் 'மலை', மரியாதை அல்ல.) அனிமேயில் கேட்ட 'ஒரெ', 'ஒமயெ' இரண்டையும் ஆசிரியரிடம் பேசும்போது எடுக்காதீர்கள். முதலாவது முரட்டுத்தனமான 'நான்', இரண்டாவது கிட்டத்தட்ட 'டேய், நீ'. 'நீங்கள்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெயரோடு ஸன் சேர்த்துச் சொல்வதே வழக்கம்.

மன்றத்தில் பலர் சேர்ந்து ஒரே குரலில் ஒப்பிக்கும்போது யார் பிழையும் வெளியே தெரியாது. கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சொல்வதெழுதலுக்கு ஒதுக்குங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் பத்துச் சொல் வாசிக்க, மற்றவர் ஹிரகானாவில் எழுதட்டும். சாவி-பழம், அத்தை-பாட்டி போன்ற இணைகளையே எடுங்கள். தேதிகளில் ஓர் இணை உண்டு: 4ஆம் தேதி 'யொக்க', 8ஆம் தேதி 'யோக', இதில் க அழுத்தம். இரண்டுக்கும் மூன்றே தட்டு, அதனால் கைதட்டி எண்ணியும் தப்பிக்க முடியாது. நான்கை வாசித்தும் எழுதியவர் எட்டு என்று எழுதினால் வாசித்தவரை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பாதி நேரம் பிழை அவர் நாக்கில்தான் இருக்கும்.